எழுபது பெர்சன்ட் கார்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கவலை உண்டு. பார்க்கிங் கிடைக்காத கவலை, பத்து வருட அனுமதி முடிந்தால் என்ன செய்வது என்ற கவலை, எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கிவிட்ட கவலை. சொந்தமாகக் கார் இருந்தும் இப்படி ஒரு கவலையும் இல்லாமல் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். காரணம் எளிது. அவருடைய கார் ஓடவில்லை.

சாங்கி விமானச் சரக்குக் கிடங்கில் அவர் சூப்பர்வைசர். பெயர் செவன்ட்டி. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அது அச்சடிக்கிற மெஷினுக்கு மட்டும் தெரியும். செவன்ட்டி என்பது வயதும் இல்லை. நான் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. கார் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று யார் கேட்டாலும், "செவன்ட்டி பெர்சன்ட் முடிஞ்சிருச்சு லா" என்பார். நான் சேர்ந்த வாரத்திலும் செவன்ட்டி பெர்சன்ட். என் மகள் பிறந்தபோதும் அதுதான். அவள் முதலாம் வகுப்புக்குப் போனபோதும் அதுதான். இடையில் அந்தக் காரின் என்ஜினை மூன்று முறை இறக்கி ஏற்றியிருந்தார்கள். பெர்சன்ட் மட்டும் அசையவில்லை.

அவரிடம் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் அறியாமை. முப்பத்து நான்கு வயதில் வேறு வேலையை விட்டுவிட்டு வந்து, ஆவணப் பிரிவில் உட்கார்ந்த இரண்டாவது வாரம் அது. இங்கிலாந்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. உள்ளே என்ன என்ற பட்டியலில் போனெட் ஒன்று, பூட் ஒன்று, ஹூட் ஒன்று, விங் இரண்டு என்று இருந்தது. கார் என்ற சொல் எங்குமே இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் காரின் முன்மூடியைப் போனெட் என்றும், பின்மூடியைப் பூட் என்றும், துணிக்கூரையை ஹூட் என்றும், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டை விங் என்றும் சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? போனெட் என்றால் தொப்பி. பூட் என்றால் ஷூ. ஹூட் என்றால் தலையை மூடும் துணி. விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு விங் என்று படித்தால் வேறு என்ன தோன்றும்? முதல் மூன்றை ஆடைகள் என்றும், கடைசி இரண்டை விமான உதிரிபாகம் என்றும் பதிந்துவிட்டேன்.

மறுநாள் ஓர் அதிகாரி அந்தத் தாளோடு வந்தார். நிதானமான மனிதர். சாப்பாட்டு மேசை அளவு பெட்டிக்குள் இரண்டு இறக்கைகள் அடங்குகிற விமானம் எது, அதை ஒற்றைக்கால் ஷூ போட்டுக்கொண்டு ஓட்டப் போகிறவர் யார் என்று மட்டும் கேட்டார். பெட்டியின் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் செவன்ட்டி. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் நான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் படித்தார்.

"தம்பி, நீ எழுதியிருக்கிறதப் பாத்தா என் கார் பறக்கும்போல இருக்கே," என்றார்.

தாளை அவரே திருத்திக் கொடுத்தார். சனிக்கிழமை என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் எனக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாளே இருக்கவில்லை.

கார் உபி என்ற தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மூலையில் கிடந்தது. பட்டறை லிம் அங்கிளுடையது. எழுபதை நெருங்கியவர், பேச்சு குறைவு. ஐந்து தமிழ்ச் சொற்கள் தெரியும். அவற்றில் இரண்டை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. கார் அறுபதுகளில் செய்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள், பச்சை நிறம். செவன்ட்டி அதை இணையத்தில் எட்டுப் படங்கள் பார்த்து வாங்கியிருந்தார். விற்றவர் எட்டையும் வலப்பக்கத்திலிருந்தே எடுத்திருந்தார். கப்பலில் வந்து இறங்கியபோதுதான் இடப்பக்கத்தைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் தரையே இல்லை. துரு தின்றுவிட்டிருந்தது. அங்கே ஒருவர் உட்கார்ந்தால், கூடவே நடந்து வரலாம்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். செவன்ட்டி காரைச் சுற்றி வந்து கணக்குப் போட்டார். வலப்பக்கம் நன்றாக இருக்கிறது, ஆகவே பாதி முடிந்த மாதிரி. இறக்குமதிப் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, அதற்கு இன்னொரு இருபது. அந்த எழுபது பிறந்தது அப்படித்தான்.

பழைய காரைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். டாலரில் எனக்குத் தெரியாது. செவன்ட்டிக்கும் தெரியாது. அவர் வீட்டில் வேறு நாணயம் புழங்கியது. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, செங்காங்கில் ஒரு பாலர் பள்ளிக்கு வேன் ஓட்டுபவர். எந்தப் பாகம் வாங்கினாலும், அந்தப் பணத்தில் வீட்டுக்கு எது வந்திருக்க வேண்டுமோ அதன் பெயரை அந்தப் பாகத்துக்கு வைத்துவிடுவார். முன் பம்பரின் பெயர் கிச்சன் கேபினட். கம்பிச் சக்கரங்கள் நான்குக்கும் சேர்த்து ரெண்டு ஏர்கான். ஒருமுறை நான் பட்டறையிலிருந்து போன் செய்து, அண்ணன் எங்கே என்று கேட்டேன். "உன் அண்ணன் கிச்சன் கேபினட்டுக்கு பாலிஷ் வாங்கப் போயிருக்காரு," என்றார் அக்கா. எனக்குப் புரிந்தது.

பொங்கோலில் நாலு அறை வீடு. பட்டறையில் இடம் போதவில்லை என்று காரின் இரண்டு இருக்கைகளும் வீட்டு ஹாலுக்கு வந்தன. சோபா தள்ளுபடி விற்பனையில் போனது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான் அந்த இருக்கைகள். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதற்குத்தான் திட்டம் வேண்டும். வீட்டை மந்திரிக்க வந்த பங்குத் தந்தை, கனத்த உடம்புக்காரர், தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். காபி குடித்து முடித்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மரியாதைக்காக இன்னொரு காபி கேட்டார். அதன் பிறகும் முடியவில்லை. ஒரு பக்கம் செவன்ட்டி, ஒரு பக்கம் நான், பின்னாலிருந்து ஸ்டெல்லா அக்கா. மூவரும் சேர்ந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தினோம். சட்டையைச் சரிசெய்துகொண்டு, இந்தக் கார் ஓடும்போது சொல்லுங்கள், மந்திரிக்கிறேன், ஆனால் நின்றுகொண்டே மந்திரிக்கிறேன் என்றார்.

அதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே தாங்கினார். தாங்காதது இரண்டு. முதலாவது, பிரியாணிச் சட்டி. எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால் கார்புரேட்டர் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலேயே பெரிய பாத்திரம் அதுதான். கார்புரேட்டர் உண்மையாகவே பளபளவென்று வந்தது. அதன் அழுக்கெல்லாம் சட்டிக்குப் போய்விட்டது.

இரண்டாவது, பெர்த். திருமணமாகி இருபத்தைந்தாவது ஆண்டுக்கு இருவரும் ஆஸ்திரேலியா போவதாக இருந்தது. அக்கா விடுமுறைகூட எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தில் ஒருவரிடம் சரியான கியர்பாக்ஸ் இருப்பதாகத் தகவல் வந்தது. செவன்ட்டி வீட்டில் கேட்காமல் வாங்கிவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. விடுமுறையை ரத்து செய்துவிட்டு வேன் ஓட்டப் போனார். மறுநாள் சாம்பல் புதன். தவக்காலத்தில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை விடுவார்கள், சிலர் இறைச்சி, சிலர் காபி. ஸ்டெல்லா அக்கா கணவரோடு பேசுவதை விட்டார். ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொல்கூட இல்லை. மேசையில் சோறு இருக்கும், சட்டை இஸ்திரி போட்டிருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. அந்த நாட்களில் செவன்ட்டி கிடங்கில் யாரையும் திட்டவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் ஒருவர் சரக்குப் பலகை நிறைய டூரியான் பழப் பெட்டிகளைக் கவிழ்த்தபோதும், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பயந்துவிட்டோம்.

ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலில் அக்கா பேசிய முதல் வாக்கியம், "சட்டி வாங்கிட்டீங்களா?" என்பதுதான். வாங்கியிருந்தார். முன்னதைவிடப் பெரியது. ஆனால் அன்றிலிருந்து அக்கா ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். அந்தப் பட்டறைப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன், அந்தக் காரைக் கண்ணால் பார்க்க மாட்டேன்.

விட்டிருந்தால் இப்படியே இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஓடியிருக்கும். ஆனால் பட்டறை இருந்த கட்டடத்தைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மூன்று மாத அவகாசம். லிம் அங்கிள் வேறு இடம் தேடவில்லை. இதோடு போதும், மகள் வீட்டில் உட்கார்ந்து மீன் வளர்க்கப் போகிறேன் என்றார். பதிவு செய்யாத காரை வீட்டுக் கார்பார்க்கில் நிறுத்த முடியாது. வேறு பட்டறைகளில் கேட்டோம். அரைகுறைக் காரை யாரும் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஆக, மூன்று மாதத்துக்குள் முடித்துப் பரிசோதனையில் தேறி, நம்பர் பிளேட் வாங்க வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டும்.

செவன்ட்டி பறப்பார் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. லிம் அங்கிள் எண்பது வயது ஆள் மாதிரி இல்லாமல் இருபது வயது ஆள் மாதிரி வேலை செய்தார். இடப்பக்கத் தரை எப்போதோ முடிந்திருந்தது, பெயின்ட் முடிந்தது, பிரேக் முடிந்தது, என்ஜின் சாவியின் ஒரே திருகலில் உறுமியது. செவன்ட்டியோ அங்கிள் மாட்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார். கதவின் இடைவெளி ஒரு நூல் அதிகம் என்று கழற்றினார். விளக்கு நேராகப் பார்க்கவில்லை என்று கழற்றினார். அங்கிள் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஐந்து தமிழ்ச் சொற்களையும் ஒரே மூச்சில் சொன்னார். அதற்கும் பலனில்லாமல், ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டார்.

பாலர் பள்ளி வேனிலேயே அக்கா வந்து இறங்கினார். ஒன்பது ஆண்டில் முதல் தடவை. வாசலில் நின்று காரைப் பார்த்தார். மினுமினுக்கிற பச்சை, முகம் பார்க்கலாம் போன்ற பம்பர். "இதுதானா கிச்சன் கேபினட்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு திரும்பி, கையில் கதவோடு நின்ற கணவரைப் பார்த்தார்.

"கதவ மாட்டுங்க," என்றார்.

செவன்ட்டி மாட்டினார்.

ஹாலில் இருந்த இரண்டு இருக்கைகளும் அன்று மாலையே அதே வேனில் வந்து சேர்ந்தன. கார் பரிசோதனைக்கு லாரியில் ஏறிப் போனது. முதல் முறையே தேறியது. சான்றிதழைப் பார்த்ததும் அங்கிளும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம். செவன்ட்டியின் முகம் மட்டும் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கியவர் முகம் மாதிரி இருந்தது.

நம்பர் பிளேட் மாட்டிய சனிக்கிழமை காலை பட்டறையில் கூடினோம். அங்கிள், அக்கா, நான். இந்த மாதிரிப் பழைய கார்களுக்கு ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் சாலையில் அனுமதி. அதில் ஒரு நாளை இன்றைக்குச் செலவழிக்கிறோம், சீக்கிரம் கிளம்புங்கள் என்று எல்லோரும் சொன்னோம். செவன்ட்டி கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு கண்ணாடியைத் துடைத்தார். டயரில் காற்று பார்த்தார். அரை மணி நேரம் போனது. வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்றார். ஒரு மேகம்கூட இல்லை. கடைசியில் அங்கிள் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

செவன்ட்டி சாவியைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்த குரலில் சொன்னார்.

"ஸ்டெல்லா, எனக்கு ஆட்டோ லைசென்ஸ்தான்."

இது கியர் மாற்றி ஓட்டுகிற கார். கியர் இல்லாத காருக்கான ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் இதைத் தொட்டால் போலீஸ் பிடிக்கும். ஒன்பது ஆண்டுகளாக இதை ஓட்ட அவருக்கு உரிமமே இல்லை என்பது எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. கிடங்குக்கு பஸ்ஸில் வருவார், பட்டறையில் காரை நகர்த்துவது அங்கிள். யாரும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. அக்காவுக்கும்தான்.

மெல்ல மெல்லச் சொன்னார். இருபது வயதில் கியர் கார் ஓட்டும் தேர்வுக்கு மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கிற இடத்தில் கார் பின்னால் உருண்டது. மூன்றாவது முறை, பின்னால் நின்ற வண்டியைத் தொட்டு நின்றது. பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றார். நாற்பது வயதில் சத்தமில்லாமல் ஆட்டோ லைசென்ஸ் எடுத்திருக்கிறார். கார் முடிவதற்குள் கியர் லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கார் முடியாத வரைக்கும் எடுக்க வேண்டியதும் இல்லையே.

அக்கா திட்டப் போகிறார் என்று நான் தரையைப் பார்த்தேன். ஒரு பெர்த், இரண்டு ஏர்கான், ஒரு சோபா. எல்லாவற்றையும் சேர்த்துத் திட்ட அவருக்கு முழு உரிமை இருந்தது.

அக்கா கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

தினமும் இருபது சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கியர் வேன் ஓட்டுகிற கை அது. முதல் கியர், இரண்டாவது கியர் என்று உறுமிக்கொண்டு, பச்சைக் கார் வாசலைத் தாண்டித் திரும்பியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். லிம் அங்கிள் கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்கள். அக்கா இறங்கியதும் முதலில் சொன்னது, பிரேக் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது என்று. அங்கிள் பார்த்தார். உண்மைதான். செவன்ட்டி இறங்கவில்லை. முடி முழுக்கக் கலைந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. காற்று என்றார். காரின் முன்கண்ணாடி காற்றை நன்றாகத்தான் மறைத்தது. நடந்ததை அக்கா பிறகு சொன்னார். சாங்கிக் கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பும்போது, ஆளில்லாத ஒரு மேட்டில் அக்கா வேண்டுமென்றே காரை நிறுத்தியிருக்கிறார். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, கார் நடுங்க ஆரம்பித்ததும் பிரேக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. "இவ்ளோதாங்க. இதுக்கா பயந்தீங்க?" என்று கேட்டாராம். அவர் கியர் மேல் இருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கியர் மாற்ற முடியாமல் கொஞ்ச தூரம் முதல் கியரிலேயே போக வேண்டியதாயிற்று என்றார் அக்கா. சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கார் பொங்கோல் கார்பார்க்குக்குப் போனது. செவன்ட்டி ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில், ராணுவத்தில் தேசிய சேவை முடித்த பையன்களுக்கு நடுவில் வரிசையில் நின்றார். முதல் தேர்வில் நடைபாதை ஓரத்தில் இடித்துவிட்டார். அன்று கிடங்கில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தேர்வன்று மத்தியானம் இரண்டு பெட்டி கறிபாப்போடு வந்து நின்றார். எல்லோருக்கும் அவரே எடுத்துக் கொடுத்தார். மேடு எப்படி என்று நான் கேட்டேன். "எந்த மேடு?" என்றார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செங்காங்கில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே அந்த உறுமல் கேட்டது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். பச்சைக் கார், துணிக்கூரை திறந்திருந்தது, செவன்ட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். ஓட்டுநராக முதல் பயணம். அக்கா வரவில்லையா என்று கேட்டேன். "நான் நிறைய ஏறியாச்சு, பட்டறையில ஒன்பது வருஷமா டார்ச் பிடிச்ச அந்த ஆளைக் கூட்டிட்டுப் போங்க" என்று அக்கா அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

நாற்பதுக்கு மேல் போகவில்லை. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களை முந்திக்கொண்டு போகும்போது கை காட்டினார். செவன்ட்டியும் கை காட்டினார். தம்பனிஸ் பக்கம் சிக்னலில் கார் அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. பச்சை வந்து, சிவப்பு வந்து, மறுபடி பச்சை வந்தது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது, அதன் பின்னால் ஒரு டாக்ஸி. செவன்ட்டி அவசரப்படவில்லை. ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டார், மூச்சை இழுத்துவிட்டார், என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எங்கயும் அவசரமாப் போகணுமா தம்பி?"

"இல்லண்ணே, நீங்க மெதுவா எடுங்க," என்றேன்.

எனக்கு அன்று மத்தியான ஷிப்ட். தொடங்க இருபது நிமிடம் இருந்தது.